உழக்கும் கால்களும் ஊக்க மருந்தும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழ்பவர்களுக்குத் துவிச்சக்கர வண்டி ஒரு விளையாட்டுக் கருவியாகத் தோன்றுவது அரிது. அது உழைப்பின் கருவி. காட்டு விறகைக் கட்டி நகரத்துக்கு இறக்குவது அது. முல்லைத்தீவுக் கரையில் ஏலத்தில் எடுத்த மீனைப் பெட்டியிலிட்டு உள்ளூர்களுக்குக் கொண்டு செல்வது அது. நெல்மூடையை ஆலைக்கும், பிள்ளைகள் இருவரை முன்பாரிலும் கரியரிலுமாகப் பள்ளிக்கூடத்துக்கும் சுமப்பது அது. 1990களில் எரிபொருளும் மின்கலங்களும் வடக்கிற்கு வராது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், வண்டியைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்கள், வீட்டின் மிச்சத்தை வண்டியிலே கட்டித்தான் கிளிநொச்சிப் பக்கம் வந்து சேர்ந்தன. 2009இல் போர் முடிந்தபின் முள்ளிவாய்க்காற் பக்கத்தில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வண்டிகளைக் கண்டவர்கள், அவற்றை உழக்கி வந்த கால்களை நினையாமல் அவ்விடத்தைக் கடந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய நாட்டில், புத்தாண்டு விளையாட்டு விழா ஒன்று சைக்கிள் ஓட்டமில்லாமல் நிறைவு பெறுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் நடந்த அத்தகைய ஓட்டத்திற்கு என்னையும் ஒரு குறிப்பாளனாக நியமித்திருந்தார்கள். வாய்க்கால் வீதியின் திருப்பமொன்றில், கையிலே ஒரு கொப்பியும் பென்சிலுமாக நான் நின்றேன். முதலிலே வந்தவன் பதினேழு வயதுப் பையன். விறகு ஏற்றுபவன். இரவல் வண்டி. அவன் உழக்கிக்கொண்டு வரவில்லை. முன்னே சென்ற உழவு இயந்திரத்தின் பெட்டியை ஒரு கையாற் பிடித்தபடி வந்தான். என்னைக் கண்டதும் கையை விட்டான். நான் கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்தேன். விழாக் குழுவினர் அவனை நீக்கினர். அடுத்து வந்தவர் மீன் வியாபாரி ஒருவர். நாள்தோறும் கரைக்கும் ஊருக்குமாக உழக்கி உரமேறிய கால்கள் அவருடையவை. முதற் பரிசாகிய புதிய வண்டி அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் பரிசு ஒரு சுவர் மணிக்கூடு. வண்டியை அன்பளிப்புச் செய்த கடைக்காரரின் பெயர் எழுதிய துணிகள் பந்தலைச் சுற்றிலும் தொங்கின. ஊரார் அந்தப் பையனைப் பார்த்துக் "கள்ளன்" என்றனர். அவன் எதிர்த்துப் பேசவில்லை.

நீதி வழங்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. மீன்காரருக்குரியது மீன்காரருக்குச் சேர்ந்தது. ஆயினும், அன்றிரவு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஒரு வண்டிக்கும் ஒரு மணிக்கூட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை வகுத்தவர் யார்? அந்தத் தூரந்தானே பையனின் கையை உழவு இயந்திரத்தை நோக்கி நீட்டச் செய்தது? இந்தக் கேள்வியோடு, சைக்கிள் ஓட்டத்தைப் பெருந்தொழிலாக நடத்தும் ஐரோப்பாவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய உழவு இயந்திரங்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன.

தூர் த பிரான்ஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற ஓட்டம், விளையாட்டு ஆர்வலர் எவரும் கூடி அமைத்த ஒன்றன்று. அது ஒரு பத்திரிகை விற்பனைத் தந்திரமாகப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சை இரு கூறாக்கிய டிரைபஸ் வழக்கை நம் வாசகர் அறிவர். குற்றமற்ற யூத இராணுவ அதிகாரி ஒருவர் துரோகியெனத் தண்டிக்கப்பட்ட அவ்வழக்கில், 'ல வெலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் பியேர் ஜிபார் டிரைபசின் பக்கம் நின்றார். அது பிடிக்காத மோட்டார்த் தொழிலதிபர் கோமகன் த டியோனும் அவரைச் சார்ந்த உற்பத்தியாளர்களும் தங்கள் விளம்பரப் பணத்தைத் திருப்பி எடுத்து, 1900இல் போட்டிப் பத்திரிகையொன்றைத் தோற்றுவித்தனர். 'லோத்தோ' எனப் பின்னர் பெயர்பெற்ற அப்பத்திரிகைக்கு ஆசிரியராக அமர்ந்தவர் ஹென்றி டெகிராஞ். பத்திரிகை விற்கவில்லை. விற்பதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது. நாட்டைச் சுற்றி ஓட்டம் வைத்தால், யார் முந்தினார் என்று அறிய மக்கள் மறுநாட் பத்திரிகையை வாங்கியே தீர்வர் என்பது கணக்கு. 1903 ஜூலை 1ஆந் திகதி அறுபது பேர் புறப்பட்டனர். மொத்தத் தூரம் 2,428 கிலோமீற்றர், ஆறு கட்டங்கள். இரவு பகலாக ஓட்டம். ஓட்டத்தின் முன் ஏறக்குறைய 25,000 பிரதிகள் விற்ற பத்திரிகை, ஓட்டத்தின்பின் 65,000ஐ எட்டியது. 'ல வெலோ' மறு ஆண்டிலேயே மூடப்பட்டது.

அந்த முதல் ஓட்டத்தில் வென்ற மொரிஸ் கரேன், சிறு வயதிற் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர். இத்தாலியின் மலைப்பகுதியிற் பிறந்து, பிழைப்புத் தேடிப் பிரான்சுக்கு வந்த குடும்பத்தவர். வேறு வேலைகளில் முதுகு முறிப்பதைவிட இதில் முறிப்பது இலாபம் என்று கணக்கிட்டே இத்தகையோர் வண்டியில் ஏறினர்.

இரண்டாவது ஓட்டமே ஊழலில் மூழ்கியது. 1904ஆம் ஆண்டு ஓட்டத்தில் இருளின் துணையோடு சிலர் மோட்டார் வண்டிகளைப் பற்றிக்கொண்டனர், சிலர் புகையிரதத்தில் ஏறினர் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. உள்ளூர் வீரனை முந்தவிடக் கூடாதென்று ஊரார் வழிமறித்து மற்றவர்களைத் தாக்கினர். பல மாத விசாரணைக்குப்பின், பிரெஞ்சுச் சைக்கிள் சங்கம் கரேன் உட்பட முதல் நால்வரையும் நீக்கி, ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே என்ற பத்தொன்பது வயது இளைஞனை வெற்றியாளனாக அறிவித்தது. வாய்க்கால் வீதியில் என் கண்ணிற்பட்ட களவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வமிசாவளி இருக்கின்றது!

இவ்வரலாற்றில் என் மனத்தை அதிகம் உறுத்தியது இன்னொரு நிகழ்ச்சி. 1913ஆம் ஆண்டு யூஜின் கிறிஸ்தொப் என்னும் ஓட்டக்காரர், ஆதியிற் பூட்டுத் தொழிலாளி, வெற்றியை நெருங்கிய நிலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். வண்டியின் முன் கவர் முறிந்தது. பிறருடைய உதவியைப் பெறலாகாது என்பது டெகிராஞ் வகுத்த விதி. வண்டியைத் தோளிற் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலையடிவாரக் கிராமமொன்றின் கொல்லன் பட்டறையை அடைந்தார். கொல்லன் அருகிலே நின்று வாயால் வழிகாட்டலாம், கையால் தொடக்கூடாது. அதிகாரிகள் சுற்றி நின்று பார்த்திருக்க, அவரே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். இரண்டு கையும் வேலையிலிருந்தபோது துருத்தியை ஊதுவதற்கு ஒரு சிறுவனை விட்டார். அதற்காக அவருக்கு நேரத் தண்டம் விதிக்கப்பட்டது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவ்விபத்திலே போயிற்று. ஓட்டமும் போயிற்று.

நேர்மை என்ற சொல்லின் பொருளை யார் நிருணயிக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. முறியும் கவரைச் செய்து கொடுத்த தொழிற்சாலைக்குத் தண்டமில்லை. மலைக்குமேல் மலையாக வைத்து மனிதரை ஏவியவருக்குத் தண்டமில்லை. துருத்தி ஊதிய பிள்ளையின் கை மட்டும் குற்றமாயிற்று. ஆறாண்டுகளின்பின், முதலிடத்தில் ஓடுபவரை இனங்காட்ட மஞ்சட் சட்டை புகுத்தப்பட்டபோது, அதை முதலில் அணிந்தவர் இதே கிறிஸ்தொப்தான். 'லோத்தோ' அச்சிடப்பட்ட தாள் மஞ்சள் நிறம். ஓட்டக்காரனின் முதுகும் பத்திரிகையின் விளம்பரப் பலகையாயிற்று.

மருந்து எப்போது புகுந்தது என்றால், தொழில்முறை ஓட்டம் பிறந்த நாளிலேயே புகுந்தது என்பதே விடை. 1890களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆறு நாள் தொடர் ஓட்டங்கள் நடந்தன. உறக்கமின்றிச் சுற்றிச் சுற்றி உழக்கும் மனிதன் எப்போது மயங்கி விழுவான் என்று பார்க்கப் பணங்கொடுத்துக் கூட்டம் கூடிற்று. எட்டிச் சத்தான ஸ்ட்ரிக்னின், கொக்கேன், கபேன் முதலியன அங்கே பயன்பட்டன. இங்கு ஓர் எச்சரிக்கை. ஆதர் லின்டன் என்ற வேல்ஸ் நாட்டு ஓட்டக்காரர் 1886இல் ஊக்க மருந்தால் இறந்த முதல் மனிதர் என்று பல நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. அவரோ 1896ஆம் ஆண்டின் போர்தோ - பாரிஸ் ஓட்டத்தில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, அதே ஆண்டில் நெருப்புக் காய்ச்சலால் இறந்தவர். இறந்து பத்தாண்டின்பின் ஓட்டத்தில் வென்ற அதிசயத்தை ஆராயாமலே படியெடுத்தவர்கள் எத்தனை பேர்! கள்ளத்தனத்தைப் பற்றிய எழுத்திலும் களவு உண்டு போலும்.

1924ஆம் ஆண்டு உண்மை சற்று வெளிப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு வென்றவராகிய ஹென்றி பெலிசியே, தம்பி பிரான்சிசோடும் மற்றொருவரோடும் ஓட்டத்தின் நடுவே விலகினார். காரணம் ஒரு சட்டை. அதிகாலைக் குளிருக்கு இரண்டு சட்டை அணிந்து புறப்பட்டவன் வெயிலேறியதும் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாது என்பது விதி. எத்தனை சட்டை போட்டிருக்கிறாய் என்று ஓர் அதிகாரி அவருடைய உடையைத் தூக்கிப் பார்த்தது அவமதிப்பாயிற்று. விலகியவர்கள் கோப்பிக் கடையில் அமர்ந்திருந்தபோது அல்பேர் லோந்திர் என்ற நிருபர் அங்கு வந்தார். பிரான்சின் தீவாந்திரச் சிறைக் கொடுமைகளை முந்திய ஆண்டில் உலகறியச் செய்தவர் அவர். அவர்முன் பெலிசியே பையைத் திறந்து காட்டினார். கண்ணுக்குக் கொக்கேன், ஈறுக்குக் குளோரபோம், களைப்புக்கு மாத்திரைகள். லோந்திர் எழுதிய கட்டுரை, ஓட்டக்காரரைச் சாலைக் கைதிகளாகக் காட்டியது. அந்த நிருபருக்குச் சைக்கிளைப் பற்றி அதிகம் தெரியாததால் சற்று விளையாட்டாக மிகைப்படுத்திக் காட்டினோம் என்று பிரான்சிஸ் பிற்காலத்திற் சொன்னதுண்டு. இருக்கலாம். ஆனால் 1930ஆம் ஆண்டு, நாட்டு அணிகளின் செலவை அமைப்பாளர் ஏற்க முன்வந்தபோது, மருந்துகளை மட்டும் தாம் வழங்குவதில்லை என்று அவர்களே எழுத்தில் நினைவூட்ட வேண்டியிருந்தது. மருந்து தடுக்கப்படவில்லை, மருந்துச் செலவே தடுக்கப்பட்டது. எசமானரின் ஒழுக்கம் கணக்குப் புத்தகத்தின் எல்லைக்குள் நின்றது.

இரண்டாவது உலகப் போரிலே இரு பக்கத்துப் படைகளும் வீரரை விழித்திருக்கச் செய்ய அம்பெற்றமீன் மாத்திரைகளை அள்ளி வழங்கின. போர் முடிந்ததும் மாத்திரை மிச்சமாயிற்று, பழக்கமும் மிச்சமாயிற்று. இவை களைப்பைப் போக்குவதில்லை. களைப்பை அறிவிக்கும் மணியை அறுத்துவிடுகின்றன. உடல் எரிந்துகொண்டிருக்கும்போதும் மூளை ஓடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 1955ஆம் ஆண்டு ஜான் மல்லஜாக் என்ற ஓட்டக்காரர் வோன்தூ மலையில் சுருண்டு விழுந்து, ஒரு கால் பெடலை இன்னும் உழக்கும் பாவனையில் அசைய, நினைவற்றுக் கிடந்தார். 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கிற் கடும் வெயிலில் டென்மார்க்கின் குனுட் யென்சன் விழுந்து இறந்தார். அவருடைய மரணத்துக்கு மருந்து எவ்வளவு காரணம், வெப்பம் எவ்வளவு காரணம் என்பதில் இன்றும் ஒருமுடிவில்லை. ஐயத்துக்கு இடமின்றி உலகின் கண்முன் நடந்த சாவு ஒன்று, 1967 ஜூலை 13ஆந் திகதி, அதே வோன்தூ மலையில் நிகழ்ந்தது.

டொம் சிம்சன் இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். நொட்டிங்கம்சயரிலும் சுரங்கக் கிராமமொன்றிலேதான் வளர்ந்தார். 1965இல் உலக வெற்றியாளரானார். தொழில்முறை ஓட்டக்காரனின் வருவாய் சம்பளத்தில் மட்டும் இல்லை. பெரிய ஓட்டத்தில் முன்னணியில் நின்றால்தான், அதன்பின் ஊர் ஊராக நடக்கும் சிறு ஓட்டங்களுக்குப் பேரம்பேசி அழைப்பார்கள். சிம்சனுக்கு அப்போது வயது 29. இன்னுஞ் சில ஆண்டுகளே கால்கள் உழைக்கும். வயிற்று நோயோடு, கொதிக்கும் வெயிலில், மரமில்லாத அந்த வெள்ளைக் கற்சரிவில் ஏறினார். ஒருமுறை விழுந்தார். ஏற்றிவிட்டார்கள். மறுபடி விழுந்தார். எழவில்லை. சட்டைப் பையில் அம்பெற்றமீன் குழாய்கள் இருந்தன. உடலில் அம்மருந்தும் மதுவும் காணப்பட்டன. சாகும்போது தம்மை மீண்டும் வண்டியில் ஏற்றுமாறு அவர் கூறியதாக உலகெங்கும் எழுதப்படுவது, ஒரு பத்திரிகையாளர் இட்டுக்கட்டியது. உழைப்பாளி செத்த இடத்திலும் ஒரு வீரவசனம் தேவைப்பட்டது, விற்பதற்கு.

இதற்கு முன்னரே, 1965இல், பிரான்சு ஊக்க மருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றிவிட்டது. அடுத்த ஆண்டு போர்தோ நகரில் அதிகாரிகள் முதன்முறை ஓட்டக்காரரின் அறைகளுக்கு வந்து சிறுநீர் கேட்டனர். மறுநாள் ஓட்டக்காரர் நகர எல்லையில் வண்டியை விட்டிறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். வேலை நிறுத்தம் என்றாலே நம் நெஞ்சம் ஒருபக்கம் சாய்வது இயல்பு. அந்த நாட்களின் பெருவீரர் ஜாக் ஆங்கெத்தில், தாமும் ஒரு தொழிலாளியே என்றும், பிறரைப்போலத் தம் உடலைத் தாம் விரும்பியவாறு பேணும் உரிமை தமக்குண்டு என்றும் வெளிப்படையாக வாதாடினார். பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அத்தனை தூரம் ஓட இயலாது என்பது அவருடைய கட்சி.

இந்த வாதத்தை இடதுசாரிகளாகிய நாம் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அதிலே உண்மை ஒரு பாதி உண்டு. மனித உடலால் இயலாத தூரத்தை, இயலாத நாட்களில் ஓடு என்று கட்டளையிடும் முதலாளி, அதற்கான மருந்தை உட்கொண்டவனை ஒழுக்கங்கெட்டவன் என்று தண்டிப்பது போலித்தனம். ஆனால் மறுபாதியை ஆங்கெத்தில் பேசவில்லை. மருந்துண்பவன் முதலாளியை ஏமாற்றுவதில்லை. முதலாளிக்கு அவனால் இலாபமே. அவன் ஏமாற்றுவது பக்கத்தில் உழக்குபவனை. ஒருவன் உண்டால் மற்றவனும் உண்ண வேண்டும், அல்லது வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆலையிலே ஒருவன் பதினாறு மணி நேரம் வேலைசெய்ய ஒப்புக்கொண்டால் எட்டு மணி நேரம் கேட்டவனின் கதி என்னவாகும்? உடலைப் பேணும் உரிமை என்று ஆங்கெத்தில் பெயரிட்டது, சகதொழிலாளியின் உடலையும் பணயம் வைக்கும் உரிமையாக முடிந்தது.

பின்னர் வந்த காலத்தில் இது தெளிவாயிற்று. 1978இல், மஞ்சட் சட்டையை அன்றுதான் வென்ற பெல்ஜியத்தின் மிஷெல் பொலன்தியே, அக்குளில் மறைத்த இரப்பர்க் குமிழிலிருந்து வேறொருவரின் சிறுநீரைப் பரிசோதகருக்குக் கொடுக்க முயன்று பிடிபட்டார். இது கேலிக்கூத்து என்று சிரித்துவிடலாம். அடுத்து வந்தது சிரிக்கும் விடயமன்று. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின், சுருக்கமாக ஈ.பி.ஓ., எலும்பு மச்சையைத் தூண்டிச் செங்குருதிக் கலங்களைப் பெருக்குவது. அதைச் செயற்கையாக உற்பத்தி செய்யும் முறை 1980களில் கைகூடியது. சிறுநீரகம் பழுதாகி இரத்தசோகையால் வாடும் நோயாளிக்கு அது உயிர்கொடுக்கும் கண்டுபிடிப்பு. வன்னியிலும் வட மத்திய மாகாணத்திலும் சிறுநீரக நோயின் கொடுமையை நேரிற் கண்டவர்களுக்கு அதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. அந்த மருந்து ஐரோப்பாவிலே சுகதேகிகளின் தசைக்கு ஒட்சிசன் ஏற்றும் களவுக் கருவியாயிற்று. இரத்தம் கூழ்போலத் தடித்து இதயத்துக்கு ஆபத்தாகும் என்று தெரிந்தும் ஏற்றினர். அதைக் கண்டுபிடிக்கும் சோதனையோ 2000ஆம் ஆண்டுவரை நடைமுறைக்கு வரவில்லை. இடையில் 1997இல் சர்வதேசச் சங்கம் செய்தது யாதெனின், இரத்தத்திற் செங்கலங்களின் பங்கு நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினால் ஓடக்கூடாது என்ற விதி. ஐம்பது வரை ஏற்றலாம் என்று அணி மருத்துவர்கள் அதைப் படித்துக்கொண்டனர்.

1998 ஜூலை 8ஆந் திகதி, பெஸ்தினா என்ற மணிக்கூட்டு நிறுவனத்தின் அணியில் உடம்பு பிடித்துவிடும் ஊழியரான வில்லி வூட் என்பவரின் கார், பெல்ஜிய எல்லையிற் சுங்கத்தினரால் மறிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மருந்துக் குப்பிகள் அகப்பட்டன. விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. மருந்து வாங்குவதற்கென ஒரு பொது நிதி இருந்தது, அதற்கு ஓட்டக்காரரின் பரிசுப் பணத்திலிருந்து கழிக்கப்பட்டது. தொழிலாளி தன் உடலைக் கெடுக்கும் கருவியைத் தன் கூலியிலிருந்தே வாங்கினான். அணி முழுவதும் வெளியேற்றப்பட்டது. பொலிஸ் சோதனைகளைக் கண்டித்து மற்ற அணியினர் சாலையில் உட்கார்ந்தனர். சர்வதேசச் சங்கம் அதிர்ச்சியடைந்ததாகக் கூறியது.

பெஸ்தினா அணியில் மருந்தைத் தொடாதவர் ஒருவர் இருந்தார் என்று சகாக்களே சாட்சி சொன்னார்கள். அவர் கிறிஸ்தொப் பசோன். மறு ஆண்டு வேறோர் அணிக்காக ஓடியபடியே, இப்போதும் மருந்து நிற்கவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். மஞ்சட் சட்டையில் ஓடிய லான்ஸ் ஆம்ஸ்ரோங் ஓட்டத்தினிடையே அவர் தோளருகே வந்து, வீட்டுக்குப் போ என்றார். உடன் ஓடியவர்கள் பேச்சை நிறுத்தினர். சில நாளில் பசோன் தனியராய் விலகினார். உழைப்பாளர் கட்டுப்பாடு என்பது எப்போதும் நன்மைக்கே பயன்படும் என்று எண்ணுவோர் இந்தக் காட்சியை ஒருமுறை மனத்தில் எண்ணிப் பார்க்கட்டும். வாய் திறவாமை என்ற எழுதாத ஒப்பந்தம், மேலே இருந்தவர்களைக் காத்தது, கீழே ஒருவனை நசுக்கியது.

ஆம்ஸ்ரோங்கின் கதை வாசகர் அறிந்ததே. ஆதலாற் சுருங்கக் கூறுவேன். புற்றுநோயிலிருந்து மீண்டவர். 1999 முதல் 2005 வரை ஏழுமுறை தொடர்ந்து வென்றவர். உண்மையைச் சொன்ன எம்மா ஓ'ரைலி என்ற உடற்பிடிப்பு ஊழியப் பெண்ணை இழிவாகப் பேசி வழக்காலும் மிரட்டியவர். இலண்டன் ஞாயிறு ஏடொன்று அவரைச் சந்தேகித்து எழுதியதற்காகப் பெருந்தொகை செலுத்த நேர்ந்தது. 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்க மருந்துத் தடுப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் 26 பேர் சாட்சியம் அளித்திருந்தனர், அவர்களில் 11 பேர் அவருடைய அணித் தோழர்கள். ஏழு வெற்றிகளும் நீக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். இதில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் வேறு. சோதிக்கும் பொறுப்புள்ள சர்வதேசச் சங்கம், சோதனைக்குட்பட்ட அதே ஆம்ஸ்ரோங்கிடமிருந்து ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட நன்கொடையை வாங்கியிருந்தது! அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வேறு எவரையும் வெற்றியாளராக அறிவிக்கவில்லை. அடுத்தடுத்து நின்றவர்களிற் பலர் அதே சேற்றிற் கால்வைத்தவர்கள். 1904இல் ஐந்தாவது ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. ஏறத்தாழ நூறாண்டின்பின் அதுவும் இயலவில்லை.

இதெல்லாம் தூரத்து வெள்ளைக்காரரின் கதை என்று நம் மாணவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், கேகாலை மாவட்டத்து ஏழைக் குடும்பத்துப் பெண் சுசந்திகா ஜயசிங்க, 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். முதலில் வந்தவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். மருந்துண்டு ஓடியதை 2007இல் அவர் ஒப்புக்கொண்டார். 2009 டிசம்பரில்தான் சுசந்திகாவுக்குரிய வெள்ளி அவருக்கென்று தீர்ப்பாயிற்று. ஒன்பது ஆண்டுகள் பிந்திய பதக்கம்! மைதானத்தில் மேடையேறி நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை எந்தக் குழுவாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. மறுபக்கமும் உண்டு. 2010இல் டில்லி பொதுநலவாய விளையாட்டுக் குத்துச்சண்டையில் மஞ்சு வன்னியாரச்சி பெற்ற தங்கம், 72 ஆண்டுகளின்பின் இலங்கை அத்துறையிற் பெற்றது, நண்ட்ரோலோன் கண்டறியப்பட்டதால் பறிபோயிற்று. 2013இல் இலங்கையும் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. சட்டம் தேவைதான். ஆயினும், உடற்பயிற்சி நிலையத்தில் விற்கும் மாவுப் பொதியில் என்ன கலந்திருக்கிறதென்று வாசித்துச் சொல்ல ஆளில்லாத ஒரு கிராமத்து மாணவனை, தனி மருத்துவர் குழாத்தோடு ஓடிய கோடீசுவரனோடு ஒரே தராசில் வைக்கும் சட்டம் அது.

இப்போது நிலைமை சற்றுச் சீர்பட்டிருக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. 2008 முதல், ஓட்டக்காரரின் இரத்தக் குறிப்புகளை ஆண்டுக்கணக்கிற் பதிந்துவைத்து மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறை நடைமுறையில் உள்ளது. ஆனால் 2016ஆம் ஆண்டு, பெல்ஜியத்தில் நடந்த சைக்கிளோகுறொஸ் உலகப் போட்டியில், பத்தொன்பது வயது ஓட்டக்காரியொருவரின் வண்டிச் சட்டத்துக்குள் ஒளித்து வைத்த சிறு மோட்டாரைக் கண்டெடுத்தார்கள். 1904இல் இருளிற் பற்றிய மோட்டார் வண்டி, வண்டிக்குள்ளேயே புகுந்துவிட்டது.

அந்த விறகுப் பையனை அடுத்த ஆண்டுப் புத்தாண்டு விழாவிலும் கண்டேன். ஓட்டத்திற் சேரவில்லை. வீதியோரத்தில் தன் சுமையோடு நின்று பார்த்தான். விழாக் குழுவினர் அவ்வாண்டு திருப்பங்கள் தோறும் இரண்டிரண்டு குறிப்பாளரை நிறுத்தியிருந்தனர். ஓட்டம் முடியும்வரை உழவு இயந்திரங்களை வாய்க்கால் வீதிக்கு விடுவதில்லை என்றும் அறிவித்திருந்தனர். முதற் பரிசு மீண்டும் ஒரு புதிய வண்டி, இரண்டாம் பரிசு ஒரு மணிக்கூடு. அந்த வண்டியின் விலையை முதற் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுத்தாலென்ன என்று ஆயத்தக் கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. நானும் அக்கூட்டத்தில் இருந்தேன், நானும் கேட்கவில்லை.